பொட்டாஷ் பாயும் வேலியோர வரிசையும்

உலகத்து மனிதர்களையெல்லாம் அவர் மூன்று கூறாகப் பிரித்து வைத்திருந்தார். தழைச்சத்து ஆள், மணிச்சத்து ஆள், சாம்பல்சத்து ஆள். சாதி, மதம், கட்சி எல்லாம் அவருக்கு இதற்கு அப்புறம்தான். தழைச்சத்து ஆள் என்றால் யூரியா போட்ட பயிர் மாதிரி. பச்சைப்பசேல் என்று வளர்ந்து நிற்பான், பேச்சு பிரமாதமாக இருக்கும், கொஞ்சம் காற்றடித்தால் சாய்ந்துவிடுவான். மணிச்சத்து ஆளுக்கு வேர் ஆழம். இருந்த இடத்தை விட்டு அசையமாட்டான், சொன்னதையே சொல்லிக்கொண்டிருப்பான். சாம்பல்சத்து ஆள்தான் ஆள். வெயில் வந்தாலும் தாங்குவான், வறட்சி வந்தாலும் தாங்குவான், காய்க்கிற காலத்தில் காய்ப்பான்.

சாம்பல்சத்து என்பது வேறொன்றும் இல்லை, பொட்டாஷ். உரக்கடை மூட்டையில் செங்கல் தூளில் புரட்டிய கல்லுப்பு மாதிரி இருக்குமே, அதுதான். எங்கள் ஊரில் முழுமையான சாம்பல்சத்து ஆள் என்றால் அது தான் ஒருவர்தான் என்பது அவருடைய முடிவு. அதனால் பேராவூரணிப் பக்கம் அவருக்குப் பொட்டாஷ் பாய் என்றே பெயராகிவிட்டது. சொந்தப் பெயர் அவருடைய பாஸ்போர்ட்டுக்குத்தான் தெரியும். நான் பாய் மாமா என்று கூப்பிடுவேன்.

நான் பாபநாசத்துக்காரி. வாசலைத் திறந்தால் வயல், கொல்லையைத் திறந்தால் வயல். கல்யாணமாகி பேராவூரணித் தென்னந்தோப்புக்குள் வந்து இறங்கியபோது, வேலிக்கு அந்தப் பக்கம் வெள்ளைக் கைலியும் முண்டா பனியனுமாக ஒருவர் உட்கார்ந்து, இடுப்பளவு உயரமுள்ள ஒரு செடியிடம் ஏதோ விசாரித்துக்கொண்டிருந்தார். இலை மேலே பச்சை, கீழே வெள்ளி. அப்படி ஒரு செடியை நான் பார்த்ததே இல்லை. வந்த புதிதில் எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"செடி சோர்ந்து நிக்குதே மாமா, ஒரு பிடி யூரியா போட்டுப் பாருங்களேன்."

நிமிர்ந்து பார்த்தார். மாமியார் வீட்டுக்கு வந்த மருமகன் சமையலில் உப்பில்லை என்று சொன்னால் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

"எந்த ஊருப் பொண்ணு நீ?"

"பாபநாசம்."

"அதான. நெல்லுக்காரவுகளுக்கு யூரியாவை விட்டா வேற என்ன தெரியும்? இது சைத்தூன் மரம் மருமவளே. ஆலிவ்வுன்னு இங்கிலீஷ்ல சொல்லுவான். உங்க கிறிஸ்தவக் கூட்டாளிக யாரும் இருந்தா கேளு, ஒலிவ மரம்பாங்க. பாலைவனத்துல காய்க்கிற மரம். எலையில கண்ணுக்குத் தெரியாத வாயி ஆயிரம் இருக்கு. வெயில்ல அதை மூடி வைக்கணும், இல்லாட்டி உள்ள இருக்குற தண்ணியெல்லாம் ஆவியாப் போயிரும். அதை மூடுறதும் தொறக்குறதும் பொட்டாஷ். யூரியா போட்டா வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கும், உங்க ஊரு ஆளுக மாதிரி."

வந்த முதல் வாரமே பிறந்த ஊரைப் பற்றி இப்படி ஒரு பேச்சு. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அந்த மனுஷர் சொன்ன விதத்தில் சிரிப்பும் வந்துவிட்டது. என்ன செய்ய, சிரித்துத் தொலைத்தேன்.

பதினேழு வருஷம் சபுரில் இருந்தவர் அவர். சபுர் என்றால் கடல் தாண்டிப் பிழைக்கப் போவது. எங்கள் பக்கத்துப் பாய்மார் வீடுகளில் அந்தச் சொல்தான். மற்றவர்கள் கடையிலும் ஓட்டலிலும் வேலை பார்க்க, இவருக்கு அரபு நாட்டின் வடக்கு மூலையில் ஒரு சைத்தூன் தோட்டம் வாய்த்தது. மழையே இல்லாத மண்ணில் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, அந்தத் தண்ணீரிலேயே பொட்டாஷைக் கரைத்து, மரம் மரமாக ஊட்டுகிற வேலை. அடுத்தவன் மரம் காய்ப்பதைப் பதினேழு வருஷம் பார்த்தவருக்குத் தன் மண்ணில் ஒரு சைத்தூன் காயைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை விழுந்துவிட்டது. ஒரேயடியாக ஊர் திரும்பிய அன்றைக்குச் சொந்தக்காரர்கள் எல்லாம் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். டேப் ரிக்கார்டர் இருக்கும், சென்ட் பாட்டில் இருக்கும் என்று எதிர்பார்ப்பு. திறந்தால் ஈரத் துண்டில் சுற்றிய குச்சிகள். "குச்சியைப் பாத்துட்டு எங்க நாத்தனா ஒரு வாரம் எங்கூட பேசல" என்று பாய் வீட்டு மாமி சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அந்தக் குச்சிகளை அவர் எங்கே நட்டார் என்பதில்தான் கதையே இருக்கிறது.

காவிரிப் படுகையில் மற்ற ஊர்களில் குத்தகைச் சண்டை, கூலிச் சண்டை, நில உச்சவரம்புச் சண்டை என்று பெரிது பெரிதாக நடந்துகொண்டிருந்தது. எங்கள் தோப்புப் பக்கம் அவ்வளவு வசதி கிடையாது, வேலிச் சண்டைதான். முள் வேலியை வருஷத்துக்கு ஒருமுறை பிரித்துக் கட்டுவார்கள். கட்டும்போது வேலி தூங்கிக்கொண்டே நடக்கிற மாதிரி ஒரு சாண் நகரும். பாய் மாமா அரபு நாட்டில் மரத்துக்குப் பாலூட்டிக்கொண்டிருந்த பதினேழு வருஷமும் எங்கள் வேலி நடந்திருக்கிறது. நடந்த இடத்தில் என் மாமனார் ஒரு வரிசை தென்னம்பிள்ளையும் வைத்துவிட்டார். பாய் திரும்பி வந்து காலால் அளந்து பார்த்தார். அளக்கும்போதே முகம் சிவந்துவிட்டதாம்.

பஞ்சாயத்து நடந்தது. மாமனார் ஒரு கழகம், பாய் இன்னொரு கழகம். ஆட்சி மாறும்போதெல்லாம் கூடிப் பேசுகிற ஆட்கள் மாறினார்கள், பேச்சு மாறவில்லை. மண் என்னது என்றார் பாய். மரம் என்னது என்றார் மாமனார். கடைசியில் பாய், "அந்த வரிசையை இனி அண்ணாந்து பாக்கமாட்டேன்" என்று சொல்லி எழுந்து வந்துவிட்டார். வந்தவர் நேராக வேலியோரம் போய், எங்கள் தென்னை வரிசைக்கு முட்டினாற்போல், அதுவரை தொட்டியில் பிழைக்க வைத்திருந்த தன் சைத்தூன் குச்சிகளை நட்டார். இதுவரைக்கும் என் மண் என்று ஊருக்குக் காட்டவேண்டுமே. தோப்பு முழுவதும் இடம் கிடக்க, வீம்புக்கு அங்கே கொண்டுபோய் வைத்தார்.

அதிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. இல்லை என்றால் நேராக இல்லை. என் மாமனார் பசுமாட்டிடம் பேசுவார். "ஏ லெச்சுமி, குச்சிக்கெல்லாம் சோறு போடுற ஆளுக இருக்காகடி ஊருல." பாய் தன் ஆட்டிடம் பதில் சொல்லுவார். "கேட்டியா, அடுத்தவன் மண்ணுல படுக்குறவுகளுக்கு வாயப் பாரு." மாடும் ஆடும் பாவம், நடுவில் புல் தின்றுகொண்டிருக்கும்.

பெண்களுக்கு இந்த வேலியில் ஒரு சம்பந்தமும் கிடையாது. என் மாமியாரும் பாய் வீட்டு மாமியும் வேலி முள்ளை விலக்கி ஓட்டை போட்டு வைத்திருந்தார்கள். நோன்பு மாதத்தில் அந்த ஓட்டை வழியாகத் தூக்குவாளியில் கஞ்சி வரும். பொங்கலுக்கு இங்கிருந்து வெண்கலப் பானையோடு போகும். மாமனார் நோன்புக் கஞ்சியை இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, "கஞ்சிக்கும் வேலிக்கும் என்ன சம்பந்தம்?" என்பார். நியாயம்தானே!

பொட்டாஷ் கொடுக்கிற முறையைப் பாய் மாமா அரபு நாட்டிலிருந்து அப்படியே கொண்டுவந்திருந்தார். குழாய்க்குப் பதில் மண்பானை. அடியில் ஊசித் துளை போட்டுத் திரி சொருகி, செடிக்குப் பக்கத்தில் கழுத்துவரை புதைத்து, பொட்டாஷ் கரைத்த செந்தண்ணீரை ஊற்றி மூடிவிடுவார். காலையில் தொழுகை முடிந்ததும் பானை பானையாக விசாரிப்பு. மாமி நல்ல சேலை கேட்டால் அடுத்த மாதம். பொட்டாஷ் மூட்டை மட்டும் தவறாமல் வரும்.

ஒருமுறை கடைத்தெருவில் கழகக் கூட்டம். பேச்சாளர் மூன்று மணி நேரம் அடுக்கித் தள்ளினார். கைதட்டலில் பந்தல் ஆடியது. பாய் அவருடைய கட்சிக்காரர்தான், ஆனாலும் திரும்பி வந்து வேலியோரம் நின்று எனக்குச் சொன்னார்: "நல்ல தழைச்சத்து மருமவளே. என்னா செழிப்பு! காய்தான் ஒண்ணையும் காணோம்." அப்படியே என் மாமனாரையும் ஒரு இழுப்பு. "உன் மாமனாருக்கு மணிச்சத்துல கொறையே இல்ல. வேரப் புடிச்சா விடமாட்டாரு. சாம்பல்சத்துதான் அறவே கெடையாது."

என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது வயிற்றுப்போக்கில் துவண்டுவிட்டாள். நான் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கொல்லையில் அழுதபடி நடந்துகொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம். "மருமவளே, அழுதுக்கிட்டு நிக்காத! எளநி குடு, எளநி! அதுல இருக்குறது பூரா பொட்டாஷ்! தலை மேல தொங்கவிட்டுக்கிட்டு அழுவுறியே!" சொன்னது எங்கள் மரத்து இளநீர். அவர் அண்ணாந்து பார்க்கமாட்டேன் என்ற மரம். டாக்டரும் பிறகு அதையேதான் சொன்னார். அன்றையிலிருந்து அந்த மனுஷர் மேல் எனக்கு ஒரு பாசம் விழுந்துவிட்டது, மாமனார் என்ன நினைத்தாலும் சரி.

சைத்தூன் மட்டும் காய்க்கவில்லை. மரம் ஆள் உயரம் தாண்டி வளர்ந்தது, இலை வெள்ளியாக மின்னியது, பூ ஒன்றுகூட இல்லை. வேளாண்மை ஆபீசர் ஒருவர் வந்து பார்த்து, "இதுக்குக் குளிர்காலத்துல நல்ல குளிர் வேணுங்க பாய். இங்க ஏது குளிர்?" என்றார். வேறு ஆளாக இருந்தால் விட்டிருப்பான். இவர் அடுத்த மார்கழியில் சேதுபாவாசத்திரம் போய், மீனுக்குப் போடுகிற ஐஸ் பாளத்தை மாட்டுவண்டியில் வைக்கோல் மூடிக் கொண்டுவந்து, மரத்துக்கு மரம் அடியில் அடுக்கினார். அந்த ஐஸில் மீன் வாடை. ஊரில் இருந்த பூனை முழுவதும் சைத்தூன் மரத்தடியில் கூடிவிட்டது. பாய் கம்பை எடுத்துக்கொண்டு பூனை விரட்ட, என் மாமனார் மாட்டுக்கொட்டகையில் நின்று, "லெச்சுமி, மரத்துக்கு ஜொரமாம்டி, ஐஸ் வைக்கிறாக" என்று சொல்லிச் சிரித்ததில் அவருக்கே புரையேறிவிட்டது. பாய் அசரவில்லை. "குளிரு கொஞ்சம் கொறஞ்சா என்ன, பொட்டாஷைக் கூட்டிட்டா சரியாப் போவுது" என்று பானையில் இன்னும் இரண்டு பிடி போட்டார்.

இதற்கிடையில் எங்கள் வீட்டில் ஒரு அதிசயம். காய் வெட்ட மரம் ஏறுகிறவர் இறங்கி வந்து தலைக்கட்டை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்: "வேலியோர வரிசை மட்டும் என்னங்கய்யா இப்படிக் காய்க்குது? குலை தாங்காம மட்டை ஒடியுது. மத்த மரமெல்லாம் சும்மா நிக்குது." மாமனாருக்குத் தலைகால் புரியவில்லை. "எல்லாம் நான் வச்ச உப்புய்யா" என்று டீக்கடைவரை போய்ச் சொல்லிவிட்டு வந்தார். தென்னைக்கு அடியில் உப்பு வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம்தான். ஆனால் உப்பு எல்லா மரத்துக்கும்தானே வைத்தார்? அதை யாரும் கேட்கவில்லை.

பிறகு ஒரு வருஷம் ஆற்றில் தண்ணீர் விடவில்லை. நாங்கள் கடைமடை; மற்றவர்களுக்கு வந்தாலே எங்களுக்கு வருவது சந்தேகம். தோப்பெல்லாம் மட்டை தொங்கிக் குரும்பை கொட்டியது. பாய் வீட்டில் அதைவிடப் பெரிய இடி. கையிருப்பு தீர்ந்துவிட்டது. சைத்தூனை வெட்டிவிட்டுத் தென்னை வைக்கலாம் என்றார் மாமி. வெட்டுகிற பேச்சே கூடாது என்றார் பாய். பழைய அரபு முதலாளியின் மகன் விசா அனுப்பிவிட்டான். அறுபதை நெருங்குகிற வயதில் மறுபடி சபுர். "ரெண்டே வருஷம். போயிட்டு வந்து நல்லா பொட்டாஷ் வச்சா காய்ச்சிரும்" என்கிறார் மனுஷர்! மாமி பதினேழு வருஷம் கடிதத்தோடு குடும்பம் நடத்தியவர். "இந்தத் தடவை போனா திரும்பி வரமாட்டாரு மருமவளே, எனக்குத் தெரியுது" என்று வேலி ஓட்டையில் நின்று என்னிடம் சொன்னார்.

பயணத்துக்கு இரண்டு நாள் முன்னால், விரிசல் விட்ட ஒரு பானையை மாற்றுவதற்காக மாமி தோண்டினார். பானை வரவில்லை. நானும் ஓட்டை வழியாக நுழைந்து பிடித்து இழுத்தேன். வந்தது பானை இல்லை, வேர். சுண்டுவிரல் பருமனில் செக்கச்சிவந்த தென்னை வேர்கள் பானையை இண்டு இடுக்கு விடாமல் கட்டிப்பிடித்துக் கிடந்தன. அடுத்த பானையும் அப்படி. அதற்கடுத்ததும் அப்படி. ஏழெட்டு வருஷமாகப் பாய் மாமா ஊட்டிய அத்தனை பொட்டாஷும் எங்கள் வேலியோர வரிசைக்குப் போயிருக்கிறது!

மாமி மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "அல்லாவே, என் சேலைக் காசெல்லாம் உங்க தேங்காயாவா தொங்குது?" என்றார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். சிரித்தோம், சிரித்தோம், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். பிறகு மாமிக்குச் சிரிப்பு நின்று தண்ணீர் மட்டும் வந்தது.

அன்றைக்கே பாயிடம் சொல்லிப் பார்த்தார். "என்னைய தடுக்க நீ கதை கட்டுற" என்று சொல்லிவிட்டாராம். குழியை வந்து பார் என்றாலும், பயண வேலை தலைக்கு மேல் கிடக்கிறது என்று வரவில்லை. மேலே காயைப் பார் என்றாலோ, அந்த வரிசையை அண்ணாந்து பார்க்கமாட்டேன் என்று ஊரறியச் சொன்னவராயிற்றே. "நான் சொன்னா நம்பமாட்டாரு. ஒலகத்துல ஒருத்தரு சொன்னாத்தான் நம்புவாரு" என்று மாமி எங்கள் வீட்டுப் பக்கம் பார்த்தார். யார் அந்த ஒருத்தர் என்று எனக்குப் புரிந்தது; பாய்க்குச் சாதகமாக என் மாமனார் பொய் சொல்லமாட்டாரே. சரியான வேலைதான் எனக்கு வந்து வாய்த்தது!

அன்று மத்தியானம் மாமனாருக்குச் சோறு போட்டுவிட்டு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். நேராகப் பேசுகிற மருமகள் என்று அவருக்கு என்மேல் எப்போதும் கொஞ்சம் பயம் உண்டு. "உப்பு இல்ல மாமா, பொட்டாஷ். நீங்க வச்சது இல்ல, அவரு வச்சது" என்றேன். மோரை ஊற்றிச் சாப்பிட்டார். கை கழுவினார். வேலியோரம் போய்க் குழிக்குள் கையை விட்டுப் பார்த்தார். திரும்பி வந்து படுத்துக்கொண்டார். மறுநாள் முழுக்க மாட்டிடம்கூடப் பேசவில்லை.

பயணக் காலை. தஞ்சாவூர் வரை போக அம்பாசிடர் கார் வந்து நின்றது. சபுர் போகிறவரை வழியனுப்ப ஊர் வந்து கூடியிருந்தது. பாய் மாமா புதுச் சட்டை, கால்சட்டை, தொப்பி. அவரைக் கால்சட்டையில் பார்த்ததும் எனக்கு யாரோ போலிருந்தது. பெரியவர் ஒருவர் துவா ஓதி முடித்தார். கயிறு கட்டிய பெட்டியை டிரைவர் தூக்கப் போனார்.

அப்போது வேலி சரசரவென்று அசைந்தது. தெரு வழியாகச் சுற்றி வர வழி இருக்க, என் மாமனார் தான் கட்டிய வேலியைத் தானே பிய்த்துக்கொண்டு வருகிறார். வேட்டி முள்ளில் மாட்டிக் கிழிந்தது. ஊரே வாயைப் பொத்திக்கொண்டு நின்றது. நேராகப் பாய்க்கு முன்னால் வந்து நின்றார். மூச்சு வாங்கியது.

"ஏன்யா, நீ பாட்டுக்குக் கெளம்பிட்டா என் மரத்துக்கு யாரு பொட்டாஷ் வைக்கிறது?"

நேராகக் கேட்ட பேச்சை எந்தப் பக்கம் வாங்குவது என்று பாய்க்குத் தெரியவில்லை. பிறகு வழக்கமான வீம்பு வந்துவிட்டது.

"அது எம் மண்ணுல நிக்குற மரம்."

"உம் மண்ணுதான்" என்றார் என் மாமனார். எல்லாரும் கேட்கும்படிச் சொன்னார். "மண்ணும் உன்னுது, உரமும் உன்னுது. உப்பு உப்புன்னு நாந்தான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். வந்து பாருய்யா. இந்த வறட்சியில தோப்பெல்லாம் படுத்துக்கெடக்கு, உன் வரிசை மட்டும் நிக்குது."

பாய் நடந்தார். முதலில் மெதுவாக, பிறகு கால்சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேகமாக. வேலியோரம் போய்க் குழியில் குனிந்து வேரைத் தொட்டார். பிறகு அண்ணாந்தார். ஏழெட்டு வருஷத்தில் முதல் தடவை. குலைக்கு மேல் குலை, குலைக்கு மேல் குலை. தொப்பி பின்னால் விழுந்தது, எடுக்கவில்லை.

"காய்ச்சிருக்கு" என்றார். "ஏ புள்ள, இங்க வா! நம்ம பொட்டாஷு காய்ச்சிருக்குடி!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் அவருக்கு அழ நேரமில்லை. சட்டென்று திரும்பி எங்கள் தோப்பின் உள் வரிசைகளைப் பார்த்தார். மட்டை தொங்கி நிற்கிற மரங்கள்.

"அதுகளுக்கு என்னய்யா வச்சே?"

"உப்பு" என்றார் மாமனார், மெல்லிய குரலில்.

"வெறும் உப்பா? அட பாவி மனுஷா!" புதுச் சட்டையைக் கழற்றி வேலியில் மாட்டிவிட்டு, பனியனோடு எங்கள் தோப்புக்குள் இறங்கிவிட்டார்.

கார் டிரைவர் ஹாரன் அடித்தார். நேரமாகிறது என்றார். மாமி போய்க் காரில் ஏறியிருந்த பெட்டியை இறக்கித் தரையில் வைத்தார். "நீ வண்டிய எடு தம்பி. பதினேழு வருஷம் ஏத்தி ஏத்தி விட்டுட்டேன். இன்னைக்கு ஏத்தமாட்டேன்." சொல்லிவிட்டு அந்தப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்து, என் மாமியார் கையைப் பிடித்துக்கொண்டு, ஊரே பார்க்க ஓவென்று அழுதார். தோப்புக்குள்ளிருந்து பாய் மாமா என் மாமனாரை நேருக்கு நேராகத் திட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.